படையெடுப்பு எப்படி நடக்கிறது: டீசல், சாலை, சோறு என்று தொடங்கிப் பார்ப்போம்

2022 பிப்ரவரி கடைசி வாரம். கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மா போனைக் கையில் பிடித்தபடி இரவு பகலாக உட்கார்ந்திருந்தார். மகள் உக்ரைனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். நாலு வீடு தள்ளி டீக்கடையில், "ரஷ்யா எவ்வளவு பெரிய நாடு! மூணே நாளில் முடிச்சிருவாங்க பாருங்க அண்ணே" என்று ஒருவர் அடித்துச் சொன்னார். மூன்று நாள் போனது, மூன்று வாரமும் போனது. அதே மனிதர், "இவ்வளவு பெரிய படைக்கு என்னதான் ஆச்சு?" என்று கேட்க ஆரம்பித்தார்.

அந்தப் பெண் நல்லபடியாக வந்து சேர்ந்தாள். அந்தச் சமயத்தில் உக்ரைனிலிருந்து அழைத்து வரப்பட்ட இந்தியர்கள் இருபதாயிரத்துக்கும் மேல். டீக்கடைக் கேள்வி மட்டும் என் மனதிலேயே தங்கிவிட்டது. அது நியாயமான கேள்விதான். நாம்தான் பதிலைத் தவறான இடத்தில் தேடுகிறோம். டாங்கி எத்தனை, ஏவுகணை எத்தனை, யாருக்கு வீரம் அதிகம் என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பேசிக்கொண்டே போகிறோம். அப்படிப் பேசும்போது அந்த வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதைப் புரிந்துகொள்ள ராணுவ அறிவு தேவையில்லை. விசைப்படகும் பலாப்பழ லாரியும் தெரிந்திருந்தால் போதும்.

## முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

செய்திகளில் தாக்குதல், படையெடுப்பு, ஆக்கிரமிப்பு, இணைப்பு ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் புழங்குகின்றன. நான்கும் வேறு வேறு.

நம் ஊர் ஏரிப் புறம்போக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியில் நின்று கல்லெறிந்துவிட்டுப் போவது ஒன்று, வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே இறங்குவது இன்னொன்று. இறங்கியவர் அங்கேயே கொட்டகை போட்டு, யார் வரலாம், யார் போகலாம் என்று தீர்மானிக்கத் தொடங்கினால் அது அடுத்த கட்டம். கடைசியில் நிலத்தைத் தன் பெயருக்குப் பட்டா மாற்றிக்கொள்வதும் உண்டு.

நாடுகளுக்கும் இதே வரிசைதான். எல்லைக்கு வெளியிலிருந்து குண்டு போடுவது தாக்குதல். ஒரு நாட்டின் படை இன்னொரு நாட்டு நிலத்தில் பெருமளவில் நுழைந்து, அந்த நிலத்தையோ அரசையோ தன் விருப்பப்படி மாற்ற முயல்வது படையெடுப்பு. நுழைந்த படை அந்த ஊரின் அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்ட நிலை ஆக்கிரமிப்பு. 1907-ஆம் ஆண்டு ஹேக் விதிகளும் கிட்டத்தட்ட இப்படித்தான் சொல்கின்றன: பகைப்படையின் அதிகாரம் ஓரிடத்தில் உண்மையாகவே நடைமுறைக்கு வந்துவிட்டால் அந்த இடம் ஆக்கிரமிக்கப்பட்டது. 'இது இனி என் நாடு' என்று அறிவிப்பது இணைப்பு.

1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. ஓரிரு நாளில் நாடே அதன் கையில். அந்த மாதம் முடிவதற்குள் குவைத்தைத் தன் மாகாணம் என்றே ஈராக் அறிவித்துவிட்டது. ஒரே மாதத்தில் மூன்று கட்டமும் முடிந்தன. அங்கே வேலை பார்த்த நம்மவர்கள் சம்பளப் பாக்கியும் சேமிப்பும் போய் வெறுங்கையோடு ஜோர்டான் போய்ச் சேர்ந்தார்கள். ஜோர்டான் தலைநகர் அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானங்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை ஊர் கொண்டுவந்து சேர்த்தன. நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு இன்றும் நினைவிருக்கும்.

## படகின் டீசலும் பண்ருட்டி லாரியும்

கடலூர் துறைமுகத்திலிருந்து கிளம்பும் விசைப்படகில் டீசல், ஐஸ், குடிதண்ணீர், அரிசி எல்லாம் ஏற்றுகிறார்கள். எவ்வளவு தூரம் போகலாம் என்பதை இந்தச் சாமான்களின் அளவுதான் தீர்மானிக்கிறது. டேங்க் நிறைய டீசல் இருந்தாலும், திரும்பி வருவதற்கு என்று ஒரு பங்கை ஒதுக்கிய பிறகுதான் போகும் தூரத்தை டிரைவர் கணக்குப் பண்ணுவார்.

படைக்கும் இதே கணக்கு உண்டு. டாங்கி திரும்ப வேண்டாம், முன்னே போய்க்கொண்டே இருக்கலாம். ஆனால் அதற்கு டீசல் கொண்டுபோகும் லாரி திரும்பி வந்தாக வேண்டும். வந்தால்தான் அடுத்த நடை. சோறு, தண்ணீர், எரிபொருள், குண்டு, மருந்து, உதிரிபாகம் இவையெல்லாம் சண்டை நடக்கும் இடத்துக்கு விடாமல் போய்ச் சேரும் ஏற்பாட்டுக்கு வழங்கல் என்று பெயர்.

இப்போது பலாப்பழ லாரிக்கு வருவோம். பண்ருட்டியிலிருந்து கடலூருக்கு ஒரு லாரி ஒரே நாளில் நாலு நடை அடித்துவிடும். அதே லாரியைக் கோயம்பேட்டுக்கு அனுப்பினால் நாளுக்கு ஒரு நடைதான். லாரி அதேதான், டிரைவரும் அவரேதான். தூரம் கூடியதால் போய்ச் சேரும் பழம் நாலில் ஒரு பங்காகிவிட்டது.

இதைப் படைக்குப் பொருத்திப் பாருங்கள். கிடங்கிலிருந்து 100 கிலோமீட்டரில் சண்டை என்றால் ஒரு லாரி நாளுக்கு இரண்டு நடை போகும் என்று வைத்துக்கொள்வோம். 200 கிலோமீட்டர் ஆனால் ஒரு நடை. 400 ஆனால் இரண்டு நாளைக்கு ஒரு நடை. ஆக, படை வெற்றிகரமாக முன்னேறிக்கொண்டே போகப் போக அதன் கைக்கு வரும் பொருள் குறைந்துகொண்டே வருகிறது. வெற்றியே அதைப் பட்டினி போடுகிறது. கூடவே அந்த லாரிகளும் வழியில் டீசல் குடிக்கின்றன, பழுதாகின்றன, சுடப்படுகின்றன.

"படை பெரிதாக இருந்தால் சீக்கிரம் முடியும்" என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது. முந்நூறு பேருக்குச் சமைத்த கல்யாணத்தில் ஆயிரம் பேர் பந்திக்கு வந்தால் கூட்டத்தைப் பார்த்து மகிழ முடியுமா? ஆள் கூடினால் வாயும் கூடும்.

1812 ஜூனில் நெப்போலியன் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களோடு ரஷ்யாவுக்குள் நுழைந்தார். செப்டம்பரில் மாஸ்கோவையே பிடித்துவிட்டார். ஆனால் நகரம் தீப்பற்றி எரிந்தது, ரஷ்யப் பேரரசர் சமாதானத்துக்கு வரவில்லை, பின்னால் வழங்கல் இல்லை. அக்டோபரில் திரும்பி நடந்தார்கள். அந்தப் பெரும்படையில் சிறு பகுதிதான் உயிரோடு வெளியே வந்தது. குளிர்தான் காரணம் என்று பள்ளியில் படித்திருப்போம். குளிர் வருவதற்கு முன்பே, போகும் வழியிலேயே, பசியிலும் நோயிலும் பெரும் பகுதி கரைந்துவிட்டது.

1941 ஜூன் 22-ஆம் தேதி ஜெர்மனி முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட படையோடு சோவியத் ஒன்றியத்துக்குள் இறங்கியது. அங்கே ரயில் தண்டவாளத்தின் அகலம் வேறு. ஜெர்மன் ரயில் அதில் ஓடாது. இதன் அருமை நமக்குத் தெரியும். விழுப்புரம்–மயிலாடுதுறை பாதையை மீட்டர் கேஜிலிருந்து அகலப்பாதை ஆக்கும்வரை கடலூர் எத்தனை வருடம் அந்தப் பாதையில் ரயில் இல்லாமல் கிடந்தது! ஜெர்மன் படை அந்த வேலையை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு, சண்டையின் நடுவே செய்ய வேண்டியிருந்தது.

## கீவ் சாலையில் நின்ற வண்டிகள்

2022 பிப்ரவரி 24-ஆம் தேதி ரஷ்யப் படை வடக்கே பெலாரஸ், கிழக்கு எல்லை, தெற்கே கிரிமியா என்று பல திசைகளிலிருந்து உக்ரைனுக்குள் நுழைந்தது. முதல் நாளே தலைநகர் கீவுக்குப் பக்கத்தில் ஹோஸ்டோமெல் விமான நிலையத்தில் ஹெலிகாப்டர்களில் வீரர்களை இறக்கினார்கள். விமான நிலையம் கையில் இருந்தால் ஆளும் பொருளும் வானத்தில் வந்துவிடும், சாலையை நம்ப வேண்டாம். ஆனால் அங்கே கடும் சண்டை நடந்து ஓடுபாதை சேதமானது. அந்தத் திட்டம் போயிற்று.

மிச்சம் சாலைதான். பனி இளகி வயலெல்லாம் சேறாகிக் கிடந்த நேரம். தார்ச்சாலையை விட்டு இறங்கினால் கனரக வண்டி புதைந்துவிடும். கீவை ஒட்டி ஓடும் இர்பின் ஆற்றை உக்ரைன்காரர்கள் அணையைத் திறந்து பெருக்கெடுக்க வைத்தார்கள். ரயில் பாதைகள் கூடும் செர்னிகிவ் போன்ற நகரங்கள் பணியவில்லை. ரஷ்யப் படைதான் வழங்கலுக்கு ரயிலையே பெரிதும் நம்பும் படை. ஆக, எல்லாமே ஓரிரு சாலைகளுக்குள் வந்து அடைந்தது. கீவுக்கு வடக்கே சுமார் 64 கிலோமீட்டர் நீளத்துக்கு வண்டிகள் வரிசையாக நின்றதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் தென்பெண்ணை பெருகி விழுப்புரம் பக்கம் நெடுஞ்சாலை அறுபட்டதே, அன்று நின்ற வண்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். அதோடு, நிற்கும் வண்டிகள் மீது இருட்டில் ஒளிந்திருந்து சுடுகிறார்கள் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். உக்ரைன் வீரர்கள் டாங்கிகளோடு, அவற்றுக்குப் பின்னால் வரும் எரிபொருள் லாரிகளையும் குறிவைத்தார்கள். டீசல் இல்லாத டாங்கி வெறும் இரும்புக் கொட்டகை.

ஏப்ரல் தொடக்கத்துக்குள் ரஷ்யப் படை கீவ் வட்டாரத்தை விட்டுப் போய்விட்டது. போன பிறகு புச்சா நகரத் தெருக்களிலும் குழிகளிலும் நூற்றுக்கணக்கான பொதுமக்களின் உடல்கள் கிடந்தன. சாலை, டீசல் என்று கணக்குப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: எல்லையைத் தாண்டப் படை போதும். உள்ளே தாக்குப்பிடிக்க வழங்கல் வேண்டும். தூரம், ஒற்றைச் சாலை, எதிர்த்து நிற்கும் மக்கள் மூன்றும் சேர்ந்தால் வழங்கல் முறியும்.

## முற்றுகை: புதுச்சேரி அனுபவித்தது

வழங்கலை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். எதிரியின் ஊரைச் சுற்றி வளைத்து, உள்ளே எதுவும் போகாமல் அடைத்து, பசியால் பணிய வைப்பது முற்றுகை. இதற்கு உக்ரைன் வரை போக வேண்டியதில்லை.

1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், நேரே புதுச்சேரிக்கு வந்துவிடவில்லை. முதலில் சுற்றியிருந்த கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார். அதாவது, புதுச்சேரிக்கு நெல்லும் மாடும் வரும் வழிகளை மூடினார். கடலில் ஆங்கிலேயக் கப்பல்கள் நின்றன. நகரத்துக்குள் இருந்த பிரெஞ்சுத் தலைவர் லாலி, தானியம் தீரத் தீர, 1760 நவம்பரில் ஊரில் இருந்த தமிழ்க் குடிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கோட்டைக்கு வெளியே தள்ளினார். ஆங்கிலேயர் அவர்களைத் தங்கள் வரிசையைத் தாண்ட விடவில்லை. திரும்பிப் போனால் கோட்டைக் கதவும் திறக்கவில்லை. குழந்தை குட்டிகளோடு இரண்டு படைகளுக்கும் நடுவே வெட்டவெளியில் சில நாட்கள் கிடந்தார்கள். அப்புறம்தான் வழி விட்டார்கள்.

இந்த ஒரு காட்சியை நான் அடிக்கடி நினைக்கிறேன். சண்டை இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும். தள்ளப்பட்டவர்களுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

1761 புத்தாண்டு அன்று பெரும்புயல் அடித்து ஆங்கிலேயக் கப்பல்கள் சிதறின. உள்ளே இருந்தவர்களுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. சில நாட்களில் மற்ற கப்பல்கள் வந்து கடலை மறுபடி அடைத்துவிட்டன. ஜனவரி நடுவில் புதுச்சேரி பணிந்தது. இந்நகரின் அன்றாடத்தை நாட்குறிப்பாக எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை அதே ஜனவரியில், நகரம் விழுவதற்குச் சில நாட்கள் முன்பு இறந்துபோனார். பிறகு ஆங்கிலேயர் கோட்டையையும் வெள்ளையர் பகுதிக் கட்டடங்களையும் தரைமட்டமாக்கினார்கள். 1758 ஜூனில் கடலூர் தேவனாம்பட்டினத்தில் அவர்களுடைய செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து லாலி இடித்திருந்தார். அதற்குப் பதிலுக்குப் பதில். இன்று நாம் சுற்றிப் பார்க்கும் புதுச்சேரி, பெரும்பாலும் அந்த அழிவுக்கு அப்புறம் எழுந்த புதுச்சேரி.

2022-ல் உக்ரைனின் மரியுபோல் துறைமுக நகரில் நடந்ததும் இதுவே. நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த ஊர். தண்ணீர், மின்சாரம், மருந்து எல்லாம் அறுபட்டன. முற்றுகை மே மாதம் வரை நீடித்தது.

## ஊர் விழுந்த மறுநாள் காலை

சரி, படை ஜெயித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை அந்த ஊரில் யார் தண்ணீர் திறந்துவிடுவது? ரேஷன் கடையை யார் நடத்துவது? திருட்டு நடந்தால் யாரிடம் போவது?

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூரையும் புதுச்சேரியையும் புரட்டிப் போட்டது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கிராமங்களுக்கு மின்சாரம் வரப் பல வாரங்கள் ஆயின. அப்போதும் நமக்கு அரசு இருந்தது. வெளிமாவட்ட மின் ஊழியர்கள் வந்து கம்பம் நட்டார்கள். ஆக்கிரமிப்பில் அந்த அரசுதான் முதலில் காணாமல் போகிறது.

2003 மார்ச் 20-ஆம் தேதி அமெரிக்கா தலைமையிலான படை ஈராக்கில் நுழைந்தது. ஏப்ரல் 9-ஆம் தேதி பாக்தாத் விழுந்தது. மூன்றே வாரம். டீக்கடைக் கணக்குப்படி அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். நகரம் விழுந்த கையோடு அலுவலகங்களும் ஆஸ்பத்திரிகளும் தேசிய அருங்காட்சியகமும் கொள்ளை போயின. மே மாதம் ஆக்கிரமிப்பு நிர்வாகம் ஈராக் ராணுவத்தையே கலைத்தது. ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கான ஆண்கள் ஒரே உத்தரவில் வேலையும் சம்பளமும் இல்லாமல் தெருவுக்கு வந்தார்கள். அப்புறம் வந்த கிளர்ச்சியிலும் மதப்பிரிவுச் சண்டையிலும் செத்தவர்கள், அந்த மூன்று வாரத்தில் செத்தவர்களைவிடப் பல மடங்கு. அமெரிக்கப் படை வெளியேற 2011 டிசம்பர் ஆனது. 2014 ஜூனில் மோசுல் நகரம் ஐ.எஸ். அமைப்பின் கையில் விழுந்தது. படையெடுப்புக்குக் காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதக் கிடங்குகள் கடைசிவரை கிடைக்கவில்லை.

## சூரியகாந்தி எண்ணெய் விலை ஏன் நம் ஊரில் ஏறியது?

"எங்கேயோ நடக்கிற சண்டைக்கு இங்கே ஏன் விலை ஏத்துறாங்க? கடைக்காரன் ஏமாத்துறான்" என்று 2022 மார்ச்சில் பலரும் கோபப்பட்டோம். பதுக்கல் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடிப்படைக் காரணம் கருங்கடலில் இருந்தது.

உலகிலேயே அதிகமாகச் சூரியகாந்தி எண்ணெய் ஏற்றுமதி செய்த நாடு உக்ரைன். இந்தியா வாங்கியதில் பெரும்பங்கும் அங்கிருந்துதான் வந்தது. சண்டை தொடங்கியதும் துறைமுகங்கள் மூடின. கடலில் கண்ணிவெடி, கரையில் குண்டு. அங்கே போகும் கப்பலுக்குக் காப்பீட்டுக் கட்டணம் எக்கச்சக்கமாக ஏறியதால் கப்பல் முதலாளிகள் பின்வாங்கினார்கள். எண்ணெய் தொட்டிகளில் இருந்தது, ஆனால் வரவில்லை.

இங்கே ஒரு சங்கிலி தொடங்குகிறது. சூரியகாந்தி கிடைக்காதவர்கள் பாமாயிலுக்கு ஓடினார்கள். பாமாயில் விலை ஏறியது. தன் நாட்டு மக்களுக்கே தட்டுப்பாடு வந்துவிடும் என்று பயந்த இந்தோனேசியா 2022 ஏப்ரல் கடைசியில் பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தியது. விலை இன்னும் ஏறியது. கோதுமையிலும் அப்படியே. ரஷ்யாவும் உக்ரைனும் சேர்ந்து உலகக் கோதுமை ஏற்றுமதியில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருந்தன. விலை ஏற, மே 13-ஆம் தேதி இந்தியா தன் கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தது. ரஷ்யாவும் பெலாரசும் பொட்டாஷ் உரத்தில் பெரிய நாடுகள் என்பதால் நம் நெல் வயலுக்கும் அடி விழுந்தது. ஒரு குண்டும் விழாத ஊரில் ஒரு குடும்பம் வடை சுடுவதைக் குறைத்துக்கொண்டதும் படையெடுப்பின் விளைவுதான்.

ஐக்கிய நாடுகள் சபையும் துருக்கியும் நடுவில் நின்று 2022 ஜூலையில் கருங்கடல் தானிய ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தன. அது நடைமுறையில் இருந்த ஒரு வருடத்தில் கிட்டத்தட்ட 3.3 கோடி டன் தானியமும் உணவுப் பொருளும் வெளியே வந்தன. 2023 ஜூலையில் ரஷ்யா விலகிக்கொண்டது.

விலையை விடப் பெரிய விளைவு மக்கள் பெயர்வது. உக்ரைனை விட்டு வெளிநாடுகளில் அடைக்கலம் புகுந்தவர்கள் சுமார் 60 லட்சம். நாட்டுக்குள்ளேயே ஊர் மாறியவர்கள் தனி.

## இதற்குச் சட்டம் இல்லையா?

இருக்கிறது. 1945-ஆம் ஆண்டு ஐ.நா. சாசனப்படி இன்னொரு நாட்டின் நிலத்தின் மீது படைபலத்தைப் பயன்படுத்தக் கூடாது. விலக்கு இரண்டு: தாக்கப்பட்ட நாடு தன்னைக் காத்துக்கொள்ளலாம், அல்லது பாதுகாப்பு அவை அனுமதிக்கலாம். அதனால்தான் படையெடுக்கும் எந்த அரசும் 'படையெடுக்கிறோம்' என்று சொல்வதில்லை. ஏதோ ஆபத்தைத் தடுக்கப் போவதாகவே சொல்லும். 2022 மார்ச் 2-ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் ரஷ்யாவைக் கண்டித்து வாக்களித்தன. 5 நாடுகள் எதிர்த்தன. இந்தியா உட்பட 35 நாடுகள் வாக்களிக்கவில்லை. பாதுகாப்பு அவையில் ரஷ்யாவுக்குத் தடுப்புரிமை உண்டு. ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளில் எது மறுத்தாலும் அங்கே தீர்மானம் விழுந்துவிடும். அதனால் அங்கே எதுவும் நகரவில்லை.

## எப்போது முடிகிறது?

1783 ஜூனில் கடலூரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படையை ஆங்கிலேயர் முற்றுகையிட்டார்கள். ஜூன் 13-ஆம் தேதி தரையில் கொடும் சண்டை. ஜூன் 20-ஆம் தேதி கடலில் இரு நாட்டுக் கப்பல் படைகளும் மோதின. ஐரோப்பாவில் இரண்டு அரசுகளும் ஜனவரியிலேயே சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தன. சேதி கப்பலேறிக் கடலூர் வந்து சேர ஜூன் கடைசி ஆகிவிட்டது.

இன்று சேதி நொடியில் வந்துவிடும். ஆனால் மண்ணுக்குள் இருப்பதற்குச் சேதி எட்டாது. இலங்கையின் வன்னியில் 2009-ல் சண்டை நின்றது. பத்து வருடம் தாண்டியும் கண்ணிவெடி அகற்றுபவர்கள், அதில் நம் பெண்களும் இருக்கிறார்கள், முட்டி போட்டுச் சாண் சாணாக நிலத்தைத் தடவிக்கொண்டிருந்தார்கள். உக்ரைனின் தெற்கே கெர்சன் பக்கம் 2022 நவம்பரில் ரஷ்யப் படை பின்வாங்கிய வயல்களிலும் இப்போது அதே வேலை. அந்த மண் சுத்தமானது என்று ஒருவர் எழுதிக் கொடுக்கும்வரை அங்கே சூரியகாந்தி விதைக்க யாரும் டிராக்டரை இறக்க முடியாது.